கீழ்த்துறையை மூடச் சொன்ன முயல்

ஆற்றங்கரை மருதமரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வியாபாரம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம். அந்தக் காட்டில் யாரும் பெரிதாக வியாபாரம் செய்யவில்லை. ஆனாலும் அதில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

அங்கே பேராசிரியர் வரித்தலையார். வரித்தலை வாத்து இனத்தைச் சேர்ந்தவர். பனிமலைக்கு அப்பாலிருந்து ஒவ்வொரு மார்கழியிலும் பறந்து வருவார். பங்குனி வெயில் ஏறியதும் திரும்பிப் போய்விடுவார். அவ்வளவு உயரத்தில் பறந்தவர் தப்பாகச் சொல்வாரா என்று காடே அவரை நம்பியது.

அவர் பாடம் நடத்தும் விதமே தனி. எங்கோ ஒரு தொழிலில் வந்த சிக்கலை ஓர் ஓலையில் எழுதிக் கொடுப்பார். அதற்குக் கேஸ் என்று பெயர். யார் தொழில் நடத்துகிறார், எவ்வளவு வருகிறது, எங்கே இடிக்கிறது எல்லாம் அதில் இருக்கும். என்ன முடிவு எடுப்பது என்பது மட்டும் இருக்காது. அந்த இடத்தில் ஓலை நின்றுவிடும். மாணவர்கள் அங்கிருந்து வாதாட வேண்டும். யாராவது நன்றாகப் பேசினால் வரித்தலையார் தன் கழுத்தை ஒரு முறை ஆட்டுவார். ஓர் ஆட்டலுக்கு ஒரு மதிப்பெண்.

வகுப்புக்கு இரண்டே விதிகள். சிக்கலுக்குச் சொந்தக்காரர் கூச்சப்படக் கூடாது என்பதற்காக, ஓலையில் எல்லாப் பெயர்களையும் மாற்றிவிடுவார். இது ஒன்று. ஓலையில் இல்லாததை வகுப்பில் யாரும் பேசக் கூடாது. இது இன்னொன்று.

மாணவர்களில் செம்பன் என்ற முயல் கெட்டிக்காரன். ஆற்றின் நடுவே, கீழ்ப்பக்கமாக, நாணல் அடர்ந்த ஒரு திட்டு உண்டு. அதுதான் அவன் ஊர். அவன் மனைவி தும்பையும் மூன்று குட்டிகளும் அங்கே இருந்தார்கள். கரையில் காட்டுப்பூனைகள் தொல்லை. நாணலுக்குள் அவை நுழையாது. அதனால் முயல், காடை, வயலெலி என்று சின்ன உயிர்கள் எல்லாம் அந்தத் திட்டில்தான் குடியிருந்தன.

மார்கழியில் செம்பன் படிக்கக் கிளம்பியபோது தும்பை தடுக்கவில்லை. குட்டிகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கீழ்த்துறை ஆமை ஒன்று அவனை முதுகில் ஏற்றிக் கரையில் விட்டது. படிக்கப் போகிறவனிடம் என்ன வாங்குவது என்று கூலிகூட வாங்கவில்லை. அதன் பிறகு அவன் ஊருக்குப் போகவே இல்லை. எப்படியாவது முதல் மாணவனாக வந்துவிட வேண்டும் என்பதே நினைப்பாக இருந்தான்.

அந்த ஆற்றில் ஆட்களை ஏற்றிப் போகும் தொழிலை நடத்தியவள் ஓட்டழகி என்ற ஆமை. அவளிடம் பத்து ஆமைகள் வேலை செய்தன. மேல்துறையில் மூன்று, நடுத்துறையில் மூன்று, கீழ்த்துறையில் நான்கு. நடுத்துறையில் எப்போதும் கூட்டம். அங்கிருந்த மூன்று ஆமைகளும் முதுகு வலி என்று புலம்பின. கீழ்த்துறையில் இருந்த நாலும் பகலெல்லாம் வெயில் காய்ந்தன. திட்டுக்கும் கரைக்கும் நடுவே கோடையில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடும். நடந்தே போகிற இடத்துக்கு ஆமை எதற்கு?

கீழ்த்துறை எதற்கு என்று ஓட்டழகிக்கு நன்றாகத் தெரியும். ஆடியில் மேற்கு மலையிலிருந்து புதுத் தண்ணீர் வரும். வந்தால் அரை நாளில் திட்டு முழுகிவிடும். அந்த அரை நாளுக்காகத்தான் நாலு ஆமைகள் வருஷம் பூராவும் அங்கே காத்திருந்தன. ஆனால் இரண்டு வருஷமாக ஆடியில் தண்ணீரே வரவில்லை. முதுகு வலிக்காரர்களின் புலம்பலோ தினமும் காதில் விழுந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வரித்தலையாரிடம் போனாள்.

வரித்தலையார் சோம்பேறி இல்லை. தையிலும் மாசியிலும் தானே துறைதுறையாக நின்று எண்ணினார். கீழ்த்துறையில் ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு பேர். அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஆடி மாதத்தை அவர் வாழ்நாளில் இந்த ஆற்றில் பார்த்ததே இல்லை, பாவம். பார்க்காததைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றவும் இல்லை.

பிறகு பெயர்களை மாற்றினார். ஆறு ஏரியானது. ஆமைகள் எருமைகள் ஆயின. துறைகளை மேடுகள் என்று எழுதினார். கீழ்த்துறைக்கு மூன்றாம் மேடு என்று பெயர் வைத்தார்.

வகுப்பு நடந்த அன்று ஓட்டழகியைக் கடைசி வரிசைக்குப் பின்னால், மாணவர்கள் கண்ணில் படாமல் புதர் மறைவில் உட்கார வைத்தார்கள். கேஸ் கொடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். அவள் கழுத்தை ஓட்டுக்குள் பாதி இழுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மயில் முதலில் எழுந்து, தோகையை ஒதுக்கிக்கொண்டு, சிக்கலின் பின்னணியைச் சொன்னது. எல்லோருக்கும் தெரிந்ததையே சொன்னதால் கழுத்து ஆடவில்லை. கீரி எழுந்து, மூன்றாம் மேட்டு எருமைகளில் இரண்டை மட்டும் மாற்றலாம் என்றது. கழுத்து லேசாக அசைந்தது. அதை மதிப்பெண்ணில் சேர்ப்பதா வேண்டாமா என்று கீரிக்கே சந்தேகம்.

அப்போது செம்பன் எழுந்தான்.

"இரண்டு பேருக்காக நாலு முதுகைச் சும்மா வைத்திருப்பது இரக்கம் இல்லை, வீண். மூன்றாம் மேட்டை மூடிவிட வேண்டும். அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் சிரமப்படுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள்!"

வரித்தலையாரின் கழுத்து மூன்று முறை ஆடியது. அந்த வருஷம் யாருக்கும் அப்படி ஆடியதில்லை. வகுப்பே கை தட்டியது.

காட்டுப்பன்றி மட்டும் சந்தேகத்தோடு எழுந்து நின்றது. வகுப்பில் அது பேசுவது அபூர்வம். மழை பெய்து ஏரி நிரம்பினால் அந்த மேட்டில் இருப்பவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று கேட்டது. வகுப்பு சிரித்தது. மழையைப் பற்றி ஓலையில் ஒரு வரிகூட இல்லையே!

செம்பன் சிரிக்கவில்லை. சிரிப்பதைவிட மோசமானதைச் செய்தான். பொறுமையாக விளக்கினான். சராசரி என்றால் எல்லா நாளும் சேர்ந்ததுதான், மழை நாளும் அதற்குள் அடங்கியாகிவிட்டது என்றான். பன்றி உட்கார்ந்துவிட்டது. கை தூக்கச் சொன்னபோது பன்றியைத் தவிர எல்லோரும் மூன்றாம் மேட்டை மூடத் தூக்கினார்கள்.

புதர் மறைவில் ஓட்டழகிக்கு நாக்கு நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. ஆனால் இத்தனை பேர் இவ்வளவு அழகாகப் பேசிய பிறகு, படிக்காத தான் என்ன சொல்லிவிடப் போகிறோம் என்று நினைத்தாள். அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு எழுந்து போனாள். மறுநாளே கீழ்த்துறை ஆமைகள் நாலும் நடுத்துறைக்கு வந்து சேர்ந்தன.

பங்குனியில் வரித்தலையார் தேர்ச்சி ஓலைகளைக் கொடுத்தார். செம்பன் முதல் மாணவன். வாத்து வடக்கே பறந்துபோனது. முயல் ஓலையை வாயில் கவ்விக்கொண்டு ஊருக்கு ஓடியது.

கீழ்த்துறை காலியாக இருந்தது. கோடைதானே, ஆமைகள் எங்காவது நிழலில் இருக்கும் என்று செம்பன் நினைத்துக்கொண்டான். கணுக்கால் தண்ணீரில் குதித்துக் குதித்துத் திட்டுக்குப் போனான். குட்டிகள் அவனை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. தும்பை இளைத்திருந்தாள். அருகம்புல் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே ஊர்ச் செய்தி கேட்டான்.

"நம்ம துறையை மூடிட்டாங்க, தெரியுமா? எவனோ படிச்சவன் சொன்னானாம்," என்றாள் தும்பை. "ரெண்டு பேருக்காக நாலு முதுகைச் சும்மா வச்சிருக்கிறது இரக்கம் இல்லை, வீணாம். உங்களை ஏத்திட்டுப் போச்சே அந்த ஆமைதான் போகும்போது சொல்லி அழுதுச்சு. நாம கொஞ்சம் சிரமப்பட்டா பழகிடுவோமாம். ஆடியில தண்ணி வந்தா இந்தக் குட்டிங்க முழுகிப் போகவாங்க பழகணும்?"

செம்பன் மெல்லுவதை நிறுத்தினான். அது அவன் வார்த்தை. அப்படியே அவன் சொன்னதுதான்.

'ஏரி... எருமை... மூன்றாம் மேடு...' என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் மாற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாகப் பொருந்தியது.

அப்போதே அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனைவி முகத்தைப் பார்க்காமல், இரண்டு வருஷமாகத் தண்ணீர்தான் வருவதில்லையே என்றான். அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குட்டிகளை நக்கிக்கொடுக்கப் போய்விட்டாள்.

இதற்காகச் செம்பனை ரொம்பத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பத்துப் பேர் முன்னால் பாராட்டு வாங்கியது அந்த வார்த்தைகளுக்குத்தான். அது தப்பு என்று போய்ச் சொன்னால் முதல் மாணவன் என்ற பெயர் என்ன ஆகும்? கரைக்குக் குடிபோகலாம் என்று தும்பையிடம் சொல்லிப் பார்த்தான். காட்டுப்பூனை வாயிலா குடித்தனம் நடத்துவது என்று அவள் கேட்டாள். சித்திரையிலும் ஆனியிலும் ஒவ்வொரு முறை நடுத்துறை வரை போனான். ஓட்டழகியைத் தூரத்தில் பார்த்தான். கூட்டமாக இருக்கிறது, இன்னொரு நாள் சொல்லலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான்.

ஆடி பிறந்தது. ஒரு காலை நேரம், மேற்கே இருந்து பறந்து வந்த நீர்க்காகம் ஒன்று, மலையில் ஐந்து நாளாக மழை விடவில்லை என்று கத்திக்கொண்டே போனது. செம்பன் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. தும்பையிடம் இதோ வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரைக்குத் தாவினான். நடுத்துறைக்கு ஓடும்போது ஆற்றைப் பார்த்தான். தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது. அவன் சற்று முன்பு மிதித்து வந்த கற்கள் ஒன்றையும் காணோம்.

நடுத்துறையில் வரிசை நீண்டிருந்தது. அணில்கள், ஓணான்கள், மூட்டை முடிச்சோடு ஒரு முள்ளெலிக் குடும்பம். செம்பன் வரிசையைத் தாண்டிப்போய் ஓட்டழகி முன்னால் மூச்சு வாங்க நின்றான்.

"அக்கா, கீழ்த்துறைக்கு ஆமைங்களைத் திருப்பி அனுப்புங்க. இப்பவே அனுப்புங்க."

ஓட்டழகி அவனை அடையாளம் கண்டுகொண்டாள். "அங்கே ஒரு நாளைக்கு ரெண்டே பேர்தானே தம்பி? நீதானே சொன்னே?"

"அந்தக் கணக்கு தப்புக்கா. அது தண்ணியில்லாத காலத்துக் கணக்கு."

"அன்னைக்குப் பன்றி அதைத்தானே கேட்டுச்சு."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செம்பனுக்குக் காது இரண்டும் தொங்கிவிட்டன.

"அந்தத் திட்டுல என் பெண்டாட்டி, பிள்ளைங்க இருக்காங்கக்கா. பேரை மாத்தி எழுதியிருந்ததால எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா மூடச் சொல்லியிருக்கவே மாட்டேன்."

ஓட்டழகி கழுத்தை நீட்டி அவனைப் பார்த்தாள்.

"அப்போ வேற யார் பிள்ளைங்க இருந்தாலும் மூடச் சொல்லியிருப்பே," என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் ஏதாவது பதில் பேசியிருப்பான். இப்போது தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் கண்ணீரைப் பார்த்ததும் ஓட்டழகிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"உன்னை மட்டும் சொல்றது நியாயமில்லை தம்பி. ஆடியில தண்ணி வரும்னு உன் ஓலைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீங்க எல்லாரும் அழகாப் பேசினீங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். வா, நின்னு அழுதுக்கிட்டு இருக்காதே."

அவள் பழைய கீழ்த்துறை ஆமைகள் நாலையும் கூப்பிட்டாள். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. முள்ளெலித் தாய் மட்டும் தன் மூட்டையை இறக்கி வைத்து, நாங்கள் அப்புறம் போகிறோம் என்று சொன்னாள். அவள் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு முணுமுணுக்க வாய் வரவில்லை. கரையோரம் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி எல்லாவற்றையும் கேட்டது. அன்றே கேட்டேனே என்று சொல்லிக்காட்ட அதற்கு நல்ல சந்தர்ப்பம். ஆனால் தனக்கு நீச்சல் தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் ஆற்றில் இறங்கியது.

ஆமைகள் நீரோட்டத்தோடு விரைந்தன. ஒன்றின் முதுகில் செம்பன் இருந்தான். திட்டு தெரிந்தபோது நாணலின் நுனி மட்டும்தான் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சின்ன மேடு மிச்சம். அதில் ஊரே நெருக்கியடித்து நின்றது. தும்பை இரண்டு குட்டிகளை வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டு, மூன்றாவதை வாயில் கவ்விக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் கால் நகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பன்றி வயலெலிகளை முதுகில் ஏற்றிக்கொண்டது. ஆமைகள் இரண்டு நடை அடித்தன. உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் காடையின் கூடு நாணலுக்குள் தாழ்வான இடத்தில் இருந்தது. அதில் நாலு முட்டைகள். தண்ணீர் மார்பு வரை ஏறும்வரை காடை எழுந்திருக்கவில்லை. ஆமை போய்ச் சேர்ந்தபோது முட்டைகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஒரு நாழிகை முந்திப் போயிருந்தால் ஆமை முதுகிலேயே ஏற்றிக் காப்பாற்றியிருக்கலாம். காடை யாரையும் திட்டவில்லை. ஈரச் சிறகோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். செம்பனால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

தும்பையும் செம்பனும் குட்டிகளும் கடைசி நடையில் ஏறினார்கள். ஆமை முதுகு நுரையில் வழுக்கியது. பின்னால் அவர்கள் ஊர் இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. தும்பை அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இப்படி மூடச் சொன்னானே, அந்தப் படிச்சவன், அவனை ஒரு நாளாவது இங்கே கொண்டாந்து நிறுத்தணும்," என்றாள்.

சொல்லாமல் இருந்தால் அவளுக்குத் தெரியவே தெரியாது. ஓட்டழகி காட்டிக்கொடுக்க மாட்டாள். பன்றியும் சொல்லாது. செம்பன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"நான்தான் தும்பை," என்றான். "சொன்னது நான்தான். கை தட்டினாங்க."

தும்பை அவனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓர் அலை வந்து மோதியதில் கடைக்குட்டி வழுக்கியது.

"குட்டியைப் பிடிங்க," என்றாள்.

அவன் பிடித்துக்கொண்டான். கரை ஏறி, எல்லோரும் இறங்கி, ஆமை திரும்பிப் போன பிறகும் விடவில்லை. அந்தக் குட்டியின் நெஞ்சு அவன் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

பிறர் வாழும் இடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது, அங்கே தன் பிள்ளையே இருப்பதாக நினைத்துப் பார்க்காதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அவன் அறிவு அரைகுறை அறிவுதான்.